பில் இல்லாத பெட்டிகள்

லண்டனில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. பால், பாண், பேப்பர், பியர், சிகரெட், லொத்தர் என்று எங்கள் ஆட்கள் நடத்துகிற மற்றக் கடைகளில் என்ன இருக்குமோ அதுதான் என் கடையிலும். 2022 இலிருந்து 2024 வரை அந்தக் கடையில் சட்டவிரோதமான வேப் விற்றேன். தெரிந்துதான் விற்றேன். பிடிபட்ட பிறகு கவுன்சில் அதிகாரியிடமும் மனைவியிடமும் "எனக்கென்ன தெரியும், கொண்டுவந்து தந்தான், வாங்கி வைத்தேன்" என்றேன். அதற்கு முந்தியே ஒரு பெடியனின் தாயிடமும் பொய் சொல்லியிருந்தேன். எல்லாம் பொய். அதை எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கடைக்காரனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இந்த நாட்டில் 2016 இல் வந்த விதிகள் மிகவும் தெளிவானவை. வேப்பின் தொட்டியில் 2 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் இருக்கக்கூடாது. நிக்கொட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பெட்டியின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் 30 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், சாமான் சந்தைக்கு வருவதற்கு ஆறு மாதம் முந்தியே உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது, சூடாக்கும்போது என்னென்ன வெளிவருகிறது என்று உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ எம்.எச்.ஆர்.ஏ. என்ற அரச அமைப்பிடம் அறிவிக்க வேண்டும். மருந்துகளைக் கண்காணிக்கிற அதே அமைப்புத்தான். அப்படி அறிவித்த சாமான்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. போனில் பெயரை அடித்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ரீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் ஒருநாளும் செய்யவில்லை.

பட்டியலைக்கூடப் பார்க்கத் தேவையில்லை, பெட்டியே சொல்லிவிடும். 2 மில்லிலீற்றர் திரவத்தில் ஏறக்குறைய 600 இழுவை வரும். அதனால்தான் சட்டப்படி விற்ற ஒருமுறைப் பாவனை வேப்புகள் பெரும்பாலானவற்றில் 600 என்று போட்டிருந்தது. என் கடையின் பின்னறைக்கு வந்த பெட்டிகளில் 3500 என்றும் 7000 என்றும் போட்டிருந்தது. அவ்வளவு இழுவை 2 மில்லிலீற்றரில் வராது என்பதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு மூலையில் 5% என்று இருந்தது. 5% என்றால் ஒரு மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம், இங்கே அனுமதித்த அளவின் இரண்டரை மடங்கு. அமெரிக்கச் சந்தைக்குப் போகிற அளவு அது. பெட்டியில் பிரித்தானிய முகவரி ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காத வீட்டில் வளர்ந்தவன் நான். இந்தப் பெட்டிகளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கொண்டுவந்தவன் எங்கள் பெடியன்தான். வெள்ளை வான், பின் ஒழுங்கையில் நிறுத்துவான். வெளிப்பெட்டி எழுத்தில்லாத வெறும் காட்போர்ட், ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்த தழும்பு மட்டும் இருக்கும். உள்ளே பத்துப் பத்தாக அடுக்கிய சின்னப் பெட்டிகள். முதல் தரம் வந்தபோதே நான் பில் கேட்டேன். கேட்டதை மறைக்கவில்லை, ஆனால் அவன் சொன்ன பதிலை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"அண்ணை, பில் வேணுமெண்டால் வற் சேரும், அது வேற சாமான், வேற விலை. இதுக்குப் பில் இல்லை. இறக்கட்டே?"

"இறக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. அவன் எனக்கு விற்றதில் பாதி வேப், மீதி அறியாமை. யாரிடமிருந்து வந்தது என்று எழுதாத தாளுக்குத்தான் அந்த விலைக்குறைப்பு. சிகரெட் விற்றால் எங்களுக்கு மிஞ்சுவது சில்லறை. சட்டப்படியான 600 இழுவை வேப்பில் அப்போது இரண்டு பவுண் நின்றது. வான் சாமானில் ஒன்றுக்கு ஆறேழு பவுண் நின்றது. கடை வாடகை ஏறியது, கரண்ட் பில் ஏறியது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் காசு வாடகைக்குத்தான் போனது என்று சொல்ல மாட்டேன். அதில் ஒரு பங்கு ஊரில் கட்டுகிற வீட்டின் மாபிளுக்குப் போனது.

பிடிபட்ட பிறகுதான் இந்தச் சாமான் எங்கிருந்து வருகிறது என்று தேடி வாசித்தேன். வாங்குகிறபோது வாசித்திருக்க வேண்டியது. உலகத்தில் விற்கிற வேப்பில் பெரும்பங்கு ஒரே நகரத்திலிருந்து வருகிறது: சீனாவின் ஷென்சென். அங்கே பாவோஆன் என்ற பகுதியில் தொழிற்சாலைகள் குவிந்து கிடக்கின்றன. ஹொன் லிக் என்ற சீன மருந்தியலாளர் 2003 இல் இன்றைய மின்சிகரெட்டுக்கு உரிமம் கோரினார். அதைப் பெருந்தொகையாகச் செய்கிற வேலையை ஷென்சென் எடுத்துக்கொண்டது. பற்றரி, பிளாஸ்ரிக் அச்சு, சின்னச் சில்லு, கம்பிச்சுருள், பஞ்சு, திரவம் நிரப்புகிற இடம், பெட்டி அச்சடிக்கிற இடம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஒரு தொழிற்சாலை பல கொம்பனிகளின் பெயரில் செய்து கொடுக்கும். பெட்டியில் இருக்கிற பெயர் ஒன்று, செய்த கை வேறொன்று. ஒரு நாட்டுக்கு 2 மில்லிலீற்றர் தொட்டி, இன்னொரு நாட்டுக்குப் பன்னிரண்டு. ஒரு சந்தைக்கு 2%, இன்னொன்றுக்கு 5%. எந்தப் பெட்டி எந்தக் கொன்ரெய்னருக்குள் போகிறது என்பதுதான் விஷயம்.

ஒன்றை வாசித்தபோது நெஞ்சு கனத்தது. 2022 அக்டோபர் 1 முதல் சீனா தன் நாட்டுக்குள் பழச்சுவை வேப் விற்பதைத் தடை செய்துவிட்டது. புகையிலைச் சுவை மட்டும்தான். பழச்சுவை பிள்ளைகளை இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏற்றுமதிக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. அந்த நாட்களில் நான் மாம்பழம், தர்பூசணி, நீல ராஸ்பெரி என்று நிறம் நிறமாகக் கவுண்டருக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செய்தவர், பெயர் வைத்தவர், கப்பலுக்கு ஒழுங்கு செய்தவர், துறைமுகத்தில் எடுத்தவர், மொத்த வியாபாரி, அவரிடம் வாங்கிப் பிரித்தவர், வான்காரப் பெடியன், நான். நேர்மையான வழியில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு தாள் இருக்கும். கள்ள வழியில் தாள் பொய் சொல்லும், பிறகு தாளே இருக்காது. 2023 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் அனுமதியில்லாத 14 இலட்சம் வேப்புகளைப் பிடித்ததாக அறிவித்தார்கள். மதிப்பு 1.8 கோடி டொலர். சரக்குச் சீட்டுகளில் சப்பாத்து, விளையாட்டுப் பொருள் என்றெல்லாம் எழுதியிருந்தது. என் பின்னறைக்கு வந்த பெட்டிகளில் கிழித்திருந்த சீட்டிலும் ஏதோ எழுதியிருந்திருக்கும்.

2023 பெப்ரவரியில் எல்ஃப் பார் என்ற வேப் கொம்பனியின் விவகாரம் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு பத்திரிகை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதித்தபோது, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்ற 600 வகையில் அனுமதித்த 2 மில்லிலீற்றரை விட அரைவாசி கூடுதலாகத் திரவம் இருந்தது. வேறு சந்தைகளுக்கான தொட்டி தவறுதலாக இங்கே வந்துவிட்டது என்று கொம்பனி ஒத்துக்கொண்டது. கடைகள் சாமானை எடுத்துவிட்டன. அந்தச் செய்தியை நான் என்ன செய்தேன் தெரியுமா? மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "பார், பெரிய ஆட்களே இப்படித்தான், எங்களைக் குறை சொல்ல என்ன இருக்கு" என்றேன். அந்தக் கடைகளால் சாமானை எடுத்து அனுப்பியவருக்கே திருப்பிவிட முடிந்தது, யாரிடம் எந்தத் திகதியில் வாங்கினோம் என்று அவர்களிடம் எழுத்தில் இருந்தது. என் சாமானில் பிழை என்றால் நான் எந்தக் கதவைத் தட்டுவது? இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்காத மாதிரிக் கதைத்தேன்.

வேப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு வேப்பைக் கொடுத்து மாற்றுகிற திட்டத்தை இந்த நாட்டு அரசே 2023 இல் அறிவித்தது. என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் சாரதி, நாற்பது வருடத்துச் சிகரெட்டை வேப்பால் விட்டவர். 20 மில்லிகிராமில் தொடங்கி 10க்கு இறங்கியிருந்தார். அடுத்தது பூச்சியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நான்தான் வான் சாமானைக் காட்டினேன். "இது கனநாள் வரும், காசு மிச்சம்" என்றேன். 5% என்பதை நான் சொல்லவில்லை, அவர் கண்ணாடி போட்டு வாசிக்கவும் இல்லை. இறங்கிக்கொண்டிருந்த மனிதரை ஒரே கையில் 50க்கு ஏற்றிவிட்டேன். பிறகு அவர் வான் சாமானையே கேட்டு வரத் தொடங்கினார். எனக்கு அது வியாபாரமாகத் தெரிந்தது.

அந்தத் தாயின் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பின்னேரம், ஸ்கூல் விட்ட கூட்டம் கலைந்த பிறகு வந்தார். ரிஷூவில் சுற்றிய ஒரு சாமானைக் கவுண்டரில் வைத்தார். இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த நிறம், வாய் வைக்கிற இடத்தில் பல் பட்ட அடையாளம்.

"அண்ணா, இது உங்கட கடையில வாங்கினதெண்டு சொல்றான். இதுக்குள்ள என்ன இருக்கு?"

அவருடைய மகனுக்குப் பதினாலு வயது. அவனுக்கு நான் நேரே விற்கவில்லை. ஆனால் அவனோடு திரிகிற பெரிய பெடியன் ஒருவன் அடையாள அட்டை காட்டி ஒவ்வொரு முறையும் இரண்டு வாங்குவான். வெளியே நிற்கிற சின்னவர்களையும் கண்ணாடிக்கூடாகப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது யாருக்கு என்று கேட்டால் விற்க முடியாமல் போகும். அதனால் கேட்கவில்லை.

நான் அந்தத் தாய்க்குச் சொன்ன பதில் இது: "என்ர கடையில வாங்கினதா இருக்காது தங்கச்சி. உள்ள ஒண்டும் இல்லை, பழ ஃபிளேவர்தான். பயப்பிடாதேங்கோ."

அவர் என்னை நம்பினார். "குறை நினையாதேங்கோ அண்ணா, கேக்காமல் இருக்க மனம் கேக்கேல்லை" என்று சொல்லி, பாணும் முட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். 2023 இல் பிபிசி, கிடர்மின்ஸ்ரர் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் பறித்த 18 வேப்புகளை ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கொடுத்தது. பெரும்பாலானவை சட்டவிரோதமானவை. திரவத்தில் ஈயம், நிக்கல், குரோமியம் மூன்றும் பாதுகாப்பான அளவைத் தாண்டியிருந்தன. மூளை வளர்கிற வயதில் ஈயம் என்ன செய்யும் என்று எந்தத் தாய்க்கும் விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 2019 இல் வேப் இழுத்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் பழுதடைந்து, 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். அதில் இறந்தவர்கள் 68 பேர். அங்கே முக்கிய காரணமாகக் கண்டது கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளக் குப்பிகளில் தடிப்புக்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிற்றேற்று. அது வேறு சாமான்தான், இங்கே விற்கிற நிக்கொட்டின் வேப் அல்ல. ஆனால் நண்பரிடமும் தெருவிலும் வாங்கியவர்கள்தான் அதில் கூடுதலாக விழுந்தார்கள். திரவத்தைக் கலந்தவன் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு அவர்களுக்கும் ஆளில்லை.

கவுன்சிலின் ட்ரேடிங் ஸ்ராண்டர்ட்ஸ் அதிகாரி 2024 இல் வந்தார். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவற்றைப் பார்த்தார், சரி என்றார். பிறகு பின்னறைக்குப் போய்ச் சிப்ஸ் பெட்டிகளை நகர்த்தினார். அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் நான் சாமானை ஒளித்து வைத்திருந்தேன். தெரியாமல் வாங்கியவன் ஏன் ஒளித்தான் என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, படம் பிடித்து, பையில் போட்டு முத்திரை வைத்தார். பில்லைக் கேட்டார். இல்லை என்றேன். யாரிடம் வாங்கினீர்கள் என்றார். ஒருத்தன் வருவான், பெயர் தெரியாது, நம்பர் இல்லை என்றேன்.

நம்பர் என் சேட்டுப் பையில் இருந்த போனில் இருந்தது. "சோடா" என்ற பெயரில் பதிந்து வைத்திருந்தேன்.

அன்று இரவு நான் செய்த காரியம்தான் இந்த எழுத்தில் எனக்கு மிகவும் கஷ்டமானது. வட்ஸ்அப்பில் அவனுக்கு எழுதினேன்: "இந்தப் பக்கம் வராதே, கவுன்சில் சுத்துது." அவன் கைகூப்பிப் பதில் போட்டான். அவனுக்கு மேலே இருக்கிறவனை, அவனுக்கும் மேலே கொன்ரெய்னரை இறக்கியவனை எட்டுவதற்கு அந்த அதிகாரியின் கையில் கிடைத்திருக்கக்கூடிய ஒரே நூல் என்னிடம் இருந்தது. அதை நான் அறுத்தேன். எனக்கு வந்தது எச்சரிக்கைக் கடிதம், சாமான் பறிபோன நட்டம், அவ்வளவுதான். வான் அடுத்த தெருவில் உள்ள கடைகளுக்குப் போயிருக்கும்.

சிகரெட்டில் நான் இப்படிச் செய்ததில்லை. நல்லவன் என்பதால் அல்ல. 2019 மே 20 முதல் இந்த நாட்டில் ஒவ்வொரு சிகரெட் பெட்டிக்கும் தனிக் குறியீடு இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கடை வரைக்கும் போகிற வழி பதிவாகிறது. கடைக்காரன் தனக்கும் கடைக்கும் அடையாள எண் எடுத்துக் கொடுக்காமல் மொத்த வியாபாரி சிகரெட் தர மாட்டார். அப்போது அலுத்துக்கொண்டே படிவம் நிரப்பினேன். அதே கவுண்டரில், அதே கையால், ஒரு பக்கத்தில் பிறந்த இடம் தெரிந்த சிகரெட்டையும் மறுபக்கத்தில் ஊர்பேர் தெரியாத வேப்பையும் விற்றிருக்கிறேன். இவ்வளவு ஆபத்தான சிகரெட்டுக்கே வழித்தடம் வைக்க முடியுமென்றால் வேப்புக்கு ஏன் முடியாது என்று இப்போது கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை குறைவு என்பதும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

2025 ஜூன் 1 முதல் ஒருமுறைப் பாவனை வேப் விற்பதே இங்கே தடை. 2023 கணக்கின்படி வாரத்துக்கு ஏறக்குறைய 50 இலட்சம் வேப்புகள், லித்தியம் பற்றரியோடு, குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. தடையை வரவேற்கிறேன். ஆனால் வான்காரனுக்கு அது வியாபாரத்தைக் கூட்டும் பயமும் இருக்கிறது. கடையில் இல்லாததைத்தானே அவன் கொண்டுவருகிறான். 10 மில்லிலீற்றருக்கு 2.20 பவுண் வரி 2026 அக்டோபர் 1 முதல் என்று அரசு தீர்மானித்திருக்கிறது, வரி முத்திரையோடு. எங்கள் ஆட்கள் பலர் வரி என்றவுடன் தலையில் கைவைக்கிறார்கள். எனக்கு அந்த முத்திரை வேண்டும். வேப் விற்கக் கடைக்கு லைசன்ஸ் வேண்டுமென்கிற சட்டமூலத்தை 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதையும் ஆதரிக்கிறேன். லைசன்ஸ் போய்விடும் என்ற பயம் இருந்திருந்தால் நான் "இறக்கு" என்று சொல்லியிருக்க மாட்டேன். என்னைப் பற்றி எனக்கே தெரிந்த உண்மை இது.

இப்போது வேப் கொண்டுவருகிற யாரிடமும் கொம்பனிப் பெயரும் வற் நம்பரும் உள்ள பில் வாங்குகிறேன். அறிவித்த பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அவருக்கு முன்னாலேயே போனில் பார்க்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் "என்ன அண்ணை, நம்பிக்கையில்லையோ" என்றார். இல்லை என்றேன். பஸ் சாரதியிடம் நடந்ததைச் சொன்னேன். கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு 20 மில்லிகிராம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார், மறுபடி முதலிலிருந்து.

தாயிடம் போக எனக்குத் துணிவு வரவில்லை. அதிகாரி வந்து போய்ப் பல மாதம் கழித்துத்தான் அவர் வீட்டு மணியை அடித்தேன். அது என் கடைச் சாமான்தான், உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாமலேதான் விற்றேன், அன்றைக்கு உங்களுக்குப் பொய் சொன்னேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. அந்த நாட்களில் மகனுக்கு விடாத இருமலும் தலைச்சுற்றும் இருந்ததாம். டொக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்.

"டொக்டர் கேட்டவர், என்னத்தை இழுத்தவன், அதுக்குள்ள என்ன இருந்தது எண்டு. நான் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான். ஒண்டும் இல்லை, பழ ஃபிளேவர்தான் எண்டு."

இருமல் பிறகு மாறிவிட்டதாம். மகன் இப்போது இழுப்பதில்லை என்று நம்புகிறாராம். கதவைச் சாத்துவதற்கு முன், "நீங்கள் தெரியாது எண்டு சொல்லியிருந்தாலும் காணும் அண்ணா, அவர் ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்திருப்பார்" என்றார்.

அடுத்த நாள் காலை, கடை திறக்க முந்தி, அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். "சோடா" என்று பதிந்திருந்த நம்பர், வானின் இலக்கத்தில் ஞாபகமிருந்த எழுத்துகள், அவன் வருகிற கிழமை, பெட்டிகளில் இருந்த பெயர்கள், அன்று இரவு நான் அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் எழுதினேன். மத்தியானம் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லை என்றும் எழுதியிருந்தார்.